ஆவணி வெயிலில் ஹீற்றர்

மச்சான்,

போன கிழமை மோர்னிங்சைட் கடைத்தெருவுக்கு மீன் வாங்கப் போனேன். மகன் கொண்டுபோய் இறக்கிவிட்டான். கடை வாசலுக்குப் போகுமுன்னே மூக்கில் ஒரு வாசம் ஏறியது. பனம்பாணி காய்ச்சும்போது அடிபிடித்தால் வருமே, இனிப்பும் கருகலும் கலந்த வாசம், அதேதான். இந்த ஊரில் ஆர் பாணி காய்ச்சுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால், ஒரு மனிசர் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஆவிக்குள் நிற்கிறார். றேடியேற்றர் கொதித்துப் பச்சைத் தண்ணீர் நிலத்தில் ஓடுகிறது. அவர் அந்த றேடியேற்றரின் சின்ன மூடியைத் திருகக் கையைக் கொண்டுபோனார்.

"அண்ணை, தொடாதையுங்கோ! ஆறட்டும்!"

நான் கத்திய கத்தலில், உள்ளே மீன் வெட்டிக்கொண்டு நின்றவரே கத்தியோடு வெளியே வந்து பார்த்தார்.

"அண்ணை மெக்கானிக்கோ?" என்று கார்க்காரர் கேட்டார்.

"இல்லைத் தம்பி. கார் ஓடவே தெரியாது. கனகாலம் ஒருத்தனுக்குப் பக்கத்திலை இருந்தனான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் மீனை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து உன்னோடு கதைத்துக்கொண்டே இருக்கிறேன். வாயால் கதைத்தால் மருமகள் பயப்படுகிறாள். அதனால்தான் இந்தக் கடுதாசி. என் எழுத்து உனக்குத் தெரியும், ஞானோபதேச வகுப்பில் படித்த எழுத்து. அதற்குமேல் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பழைய ஸ்டேஷன் வாகனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். நெடுநெடுவென்று வள்ளம் மாதிரி நீளம். இரண்டு பக்கமும் மரப்பலகை அடித்ததுபோல ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு போர்த்துக்கேயக் கிழவரிடமிருந்து நீ அதை வாங்கிக்கொண்டு வந்த அன்று, நான் பலகையைத் தட்டிப் பார்த்தேன். "இது வேம்போ, பாலையோ?" என்று கேட்டேன். "மச்சான், அது படமடா" என்று நீ சொன்னாய். பலகையையும் படமாக்கி ஒட்டுகிற நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று இரண்டுபேரும் அந்தப் பார்க்கிங் லொட்டில் நின்று வயிறு நோகச் சிரித்தோம்.

நாங்கள் மன்னார்க் கரையில் வள்ளத்தைத் தவிர வேறொன்றும் ஓட்டி அறியாதவர்கள். அங்கே காற்றுத்தான் றைவர், நாங்கள் சும்மா கூட இருக்கிறவர்கள். நீ எப்படியோ கார் பழகி லைசன்ஸும் எடுத்துவிட்டாய். விடிய வேலைக்குப் போகும்போது நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில், பின்னால் சிவம் அண்ணை. சிவம் அண்ணை யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். எங்களோடு அதே கார்ப்பெற் பக்டரியில்தான் வேலை. நான் இதைச் சொல்லவேண்டும், நீ மறந்திருக்கமாட்டாய்: கார் நானூற்றொன்று பெருந்தெருவில் ஏறியதும் நீ செபமாலை தொடங்குவாய். நான் மறுமொழி சொல்லச் சொல்ல நித்திரையாகிவிடுவேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும், "அர்ச்சியசிஷ்ட மரியாயே..." என்று. சிவம் அண்ணை!

"அண்ணை, உங்களுக்கேன் உந்த வேலை?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"நீ நித்திரை கொண்டாலும் பரவாயில்லை, ஓடுறவன் நித்திரை கொண்டால் நானுமெல்லோ சாகிறது. அதுதான் கதை குடுத்துக்கொண்டிருக்கிறன்" என்றார் அவர்.

உனக்குக் கார் ஒரு கோவில் மாதிரி. அதில் எது நடந்தாலும் உனக்கு ஒரு பிரசங்கம். பனிக்காலத்தில் யாருடைய பற்றறியாவது செத்துக் கிடந்தால் வயரை எடுத்துக்கொண்டு ஓடுவாய். உன் காரிலிருந்து பூஸ்ற் கொடுக்கும்போது, வேதாகமத்தில் செத்தவனை எழுப்பியதுபோல, "லாசரே, எழும்பி வாடா வெளியிலை!" என்று அந்தக் காரின் மூக்கில் தட்டுவாய். அதுவும் இருமி இருமி எழும்பும். பாதை மாறும்போது தோளுக்குமேல் திரும்பிப் பார்ப்பதைப் பற்றிக்கூட நீ ஒன்று சொன்னாய். "கண்ணாடியிலை தெரியேல்லை எண்டதுக்காக அங்கை ஆள் இல்லை எண்டில்லை, மச்சான். கடவுளும் உந்த மூலையிலைதான் வாறவர்." எனக்கு அது அப்போது விளையாட்டுக் கதையாக இருந்தது.

சரி, நான் சொல்ல வந்தது மாதாவின் அந்த ஆவணித் திருநாளை. சுற்றிச் சுற்றித்தான் வருவேன், நீ அவசரப்படாதே. உனக்கு இப்போது என்ன அவசரம்!

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் சண்டை. உன் மனிசியும் மகளும் மன்னாருக்குள் அகப்பட்டுக் கிடந்தார்கள். மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. அந்த நாட்களில் நீ சாப்பாட்டுப் பெட்டியைத் திறவாமலே வேலையிலிருந்து திரும்பக் கொண்டுவருவாய். பக்டரி வாசலில் காரை நிறுத்திவிட்டு ஒருநாள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாய்:

"மச்சான், நேந்துபோட்டன். அதுகள் ரெண்டும் உயிரோடை வந்து சேந்துதெண்டால், ஆவணித் திருநாளுக்கு மாதாவை என்ர தோளிலை சுமப்பன்."

வந்து சேர்ந்தார்கள். கடல், காடு, கொழும்பு என்று எல்லாம் கடந்து வந்து சேர்ந்தார்கள். விமானநிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வந்ததும் அந்தப் பலகைக் கார்தான். மகள் ஒரு கையால் உன் சட்டையைப் பிடித்தபடியே வந்தாள். நீ ஒரு கையால் கார் ஓட்டினாய். அன்றைக்கு மட்டும் நீ ஒரு பிரசங்கமும் வைக்கவில்லை.

இனி நேர்த்தி நிறைவேற வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. அஜின்கோர்ட் பக்கம் எங்களுக்குப் பூசைக்கு இடம் தந்த கோவில் ஆங்கிலக் கோவில். அங்கே பூசை வைக்கிற வெள்ளைக்காரப் பங்குச் சுவாமி நல்ல மனிசர், ஆனால் பயந்தவர். எங்கள் ஊரைப்போல மாதா சுருவத்தை மரக்கூட்டில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போக ஒத்துக்கொள்ளவில்லை. ஆரும் விழுந்து எழும்பினால் ஆர் பொறுப்பு என்று கேட்டார். கடைசியில் ஒரு வாகனத்தின்மேல் மாதாவை வைத்து, பொலிஸ் முன்னால் போக, பக்கத்துத் தெருக்களை ஒருதரம் சுற்றிவரச் சம்மதித்தார். "நடுத்தெருவில் நின்று வாகனங்களை மறித்தீர்களென்றால், அடுத்த வருடம் என்னிடம் கேட்கவேண்டாம்" என்றும் சொல்லிவிட்டார்.

திருநாள் கூட்டத்தில் உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் சுமக்க விடமாட்டார்கள் என்ற உடனே நீ குனிந்துவிட்டாய். பிறகு மெல்ல எழும்பி, "அப்ப என்ர காரிலை ஏத்துவம்" என்றாய்.

பலசரக்குக் கடை வைத்திருந்த றெஜி சிரித்தார். அவரிடம் புத்தம்புது வெள்ளை வான் இருந்தது.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? என்ர வான் பளபளவெண்டு நிக்கேக்கை, உந்தப் பலகைப் பெட்டியிலையோ மாதாவை ஏத்துறது? பாக்கிறவன் சவம் போகுதெண்டெல்லோ தொப்பியைக் கழட்டுவான்!"

கூட்டமே கொல்லென்று சிரித்தது. நீ கோபிக்கவில்லை.

"வான் வடிவுதான் றெஜி. ஆனா அது இன்னும் ஒருத்தரையும் சுமக்கேல்லை. என்ரது சுமந்து பழகினது" என்றாய்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது அந்தக் காரில் ஏறியவர்கள். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்கள், அகதி விசாரணைக்குப் போனவர்கள், ஸ்நோவில் பஸ் வராமல் நின்றவர்கள். றெஜியின் மனிசியைக்கூட நீதான் பிரசவத்துக்குக் கொண்டுபோனாய். அவரே பிறகு, "சரி சரி, அண்ணையின்ரயிலை போகட்டும்" என்று விட்டுக்கொடுத்தார்.

திரும்பி வரும்போது நான் விடவில்லை.

"தோளிலை எண்டெல்லோடா நேந்தனீ? காரிலை ஏத்தினால் அது சுமந்த கணக்கோ?"

நீ சிக்னலில் நின்று யோசித்தாய். பச்சை விழுந்தும் யோசித்தாய். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"இந்த நாட்டிலை எனக்கு வேறை தோள் ஏது மச்சான்? நான் ஆருக்கு என்ன செய்தாலும் உதாலைதானே செய்தனான். கடைசிவரைக்கும் உதிலையே போய்ச் சேந்தால், அவ ஏற்றுக்கொள்ளுவா" என்றாய்.

எனக்கு விளங்கிவிட்டது. இடையில் கார் நின்று, மாதாவை வேறு வாகனத்துக்கு மாற்றினால், உன் நேர்த்தி முறிந்துபோகும். அதுதான் உன் பயம். எனக்கும் பிறகு அதுவே பயமாகப் போய்விட்டது.

திருநாள் அன்று அப்படியொரு வெயில். தார் றோட்டில் செருப்பு ஒட்டியது. காலையிலேயே வந்துவிட்டார் சிவம் அண்ணை, கையில் எலுமிச்சம்பழத்தோடு. கேட்காமலே சில்லுகளுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தார்.

"அண்ணை, இது மாதாவின்ர ஊர்வலம். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் புதுக்கார் கொண்டுபோறமாதிரி நினைச்சிட்டியளோ?" என்று நான் கேட்டேன்.

"நீர் சும்மா இரும். சில்லு எல்லாருக்கும் ஒரே சில்லுத்தான்" என்றார்.

நீ சிரித்துக்கொண்டே காரில் ஏறி, உருட்டி அதுகளை நசித்துவிட்டு, "மாதாவுக்கு எலுமிச்சம்பழத்தோடை என்ன கோவம்?" என்றாய்.

பெண்கள் வந்து காரை அலங்கரித்தார்கள். ஊரில் கூட்டுக்குத் தொங்கல் கட்டுவது போலக் காரைச் சுற்றி நீலச்சேலைகளைக் கட்டினார்கள். சில்லு தெரியக்கூடாது, பலகைப் படமும் தெரியக்கூடாது. முன்பக்கமும் தொங்கல், பக்கக் கண்ணாடிகளிலும் தொங்கல். நீ ஓட்டிப் பார்க்க முன்கண்ணாடியை மட்டும் விட்டார்கள். மேலே பலகைத் தட்டு, அதில் பூக்களுக்கு நடுவே மாதா. என்ன வடிவு, மச்சான்! கார் என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. நீலக் கடலில் மாதா மிதந்துகொண்டு நின்றா. ஆனால் முன்பக்கத்துச் சேலை றேடியேற்றருக்குக் காற்றுப் போகிற வழியை அடைத்திருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டுக்குத் தொங்கல் கட்டியே பழகிய சனம். கூட்டுக்கு மூச்சு விடத் தேவையில்லையே.

பூசை முடிந்து மணி அடித்தது. "மரியே வாழ்க!" என்று சனம் கத்த, நீ காரை நடக்கவிட்டாய். நான் பக்கத்தில், சிவம் அண்ணை பின்னால். முன்னால் பொலிஸ் கார். இரண்டு பக்கமும் பாட்டு. வெள்ளைக்காரர்கள் வீட்டு வாசல்களில் வந்து நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி கையெடுத்துச் சிலுவை போட்டா. உன் மனிசியும் மகளும் காருக்கு இடப்பக்கம், நீ இருந்த பக்கமாக நடந்து வந்தார்கள். மகள் அடிக்கடி தொங்கலை நீக்கி உன்னை எட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது தெரு திரும்பும்போது அந்த வாசம் வந்தது. பாணி அடிபிடிக்கிற வாசம். நான் எஞ்சின் சூடு காட்டும் ஊசியைப் பார்த்தேன். சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"டேய், இது கொதிக்கப்போகுதடா."

"தெரியும். பேசாமல் செபத்தைச் சொல்லு."

றெஜிதான் முதலில் கண்டுபிடித்தார். ஓடிவந்து, "அண்ணை, சேலை மூக்கை மூடிக்கொண்டிருக்கு!" என்று கத்தினார். பெண்கள் நடந்துகொண்டே முன்தொங்கலைத் தூக்கிப் பக்கத்தில் முடிந்தார்கள். கொஞ்சம் காற்றுப் போனது. ஆனால் நடை வேகத்தில் போகும் காருக்கு எந்தக் காற்றுப் போதும்? ஊசி நின்றதே தவிர இறங்கவில்லை. பிறகு திரும்பவும் மெல்ல ஏறத் தொடங்கியது.

றெஜி கண்ணாடிப் பக்கம் தலையை விட்டார். அந்த மனிசன் நல்லமனதோடுதான் சொன்னார். "அண்ணை, வான் பின்னாலைதான் வருது. ஓரமா நிப்பாட்டுங்கோ, கெதியா மாத்திவிடுவம். நடுத்தெருவிலை நிண்டால் சுவாமி அடுத்த வருசம் விடமாட்டார்."

நீ என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் அன்றைக்கு ஸ்டியரிங்கில் தலைவைத்தபோது இருந்த அதே தண்ணீர். எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?

அப்போதுதான் நீ கையை நீட்டி, பனிக்காலத்தில் போடுகிற ஹீற்றரைத் திருப்பினாய். முழுதாகத் திருப்பினாய். விசிறியையும் கூட்டினாய். ஆவணி மாத வெயில், பக்கமெல்லாம் சேலை, உள்ளே ஹீற்றர்!

"உனக்கு விசரோடா?" என்று நான் கத்திவிட்டேன்.

"எஞ்சினுக்குத் தாங்கேலாத சூட்டை ஆரோ வாங்கத்தான் வேணும். ஹீற்றரைப் போட்டால் அது உள்ளுக்கை வரும். நாங்கள் வாங்குவம். ஏலாதவை இறங்கி நடக்கலாம்" என்றாய்.

எனக்கு இறங்கத்தான் ஆசையாக இருந்தது, பொய் சொல்லுவானேன். பின்னால் திரும்பி, "அண்ணை, நீங்கள் இறங்குங்கோ" என்றேன், அவர் இறங்கினால் நானும் கூட இறங்கலாம் என்று. சிவம் அண்ணை சால்வையை எடுத்துத் தலையில் கட்டினார்.

"நான் சுடுமணலிலை தேருக்குப் பின்னாலை உருண்டு பிரதட்டை பண்ணினவன். உது எனக்கு என்ன? நீ செபத்தைச் சொல்லடா தம்பி."

பிறகு எப்படி இறங்குகிறது? இருந்தேன். அடுப்பு வாயில் முகத்தை வைத்ததுபோலக் காற்று அடித்தது. உதடு காய்ந்தது. மூன்றுபேரின் உடுப்பும் கடலில் குதித்து வந்ததுபோல நனைந்தது. நீ செபத்தைச் சொல்ல, நாங்கள் இரண்டுபேரும் கத்திக் கத்தி மறுமொழி சொன்னோம். வெளியே சனம் பாடுகிறது, உள்ளே நாங்கள் வேகிறோம். நான் ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது முதலில் நின்றது. பிறகு, மச்சான், ஒரு மயிரளவு இறங்கியது.

"இறங்குதடா!" என்றேன்.

"மரியே!" என்றாய் நீ. "வாழ்க!" என்றார் சிவம் அண்ணை, என்னைவிடச் சத்தமாக.

ஊசி இறங்க இறங்க எனக்குள் ஏதோ ஏறியது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வேர்வைக்குள் ஒரு சந்தோசம். கடைசித் தெருவும் திரும்பினோம். கோவில் தெரிந்தது. வாசலில் அந்த வெள்ளைக்காரச் சுவாமி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கோவில் வளவுக்குள் நுழையும் வாசலில் நீ காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தாய்.

"என்னடா? நிண்டுட்டுதோ?"

"இல்லை. நான்தான் நிப்பாட்டினனான். அது தன்ர பங்கைச் செய்துபோட்டுது. மிச்சம் என்ர" என்று கதவைத் திறந்து இறங்கினாய். "சிவம் அண்ணை, முன்னுக்கு வந்து ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ."

நீ கதவின் நிலையில் உன் வலத் தோளைக் கொடுத்துக் காரைத் தள்ளத் தொடங்கினாய். அப்போதுதான் சனத்துக்கு விளங்கியது. நான் மற்றப் பக்கம் ஓடினேன். றெஜி தன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து தோளைக் கொடுத்தார். உன் மனிசி, உன் மகள், பாட்டுக்காரப் பெண்கள், ஆர் ஆரோ எல்லாம் வந்து பிடித்தார்கள். வெள்ளைக்காரச் சுவாமியும் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஒரு கையை வைத்தார். கார் அசைந்தது. தோளில் தூக்கிய கூடு அசைகிற அதே அசைவு! மேலே மாதா ஒருதரம் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தா. ஸ்டியரிங்கில் சைவக்காரர், தலையில் சால்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"மரியே வாழ்க!" என்று நீ கத்தினாய். அந்தச் சத்தத்தில் உன் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. சனம் திருப்பிக் கத்தியது, அஜின்கோர்ட் முழுக்கக் கேட்டிருக்கும். சுவாமி மூச்சு வாங்கிக்கொண்டு உன் ஈரத் தோளில் தட்டி ஏதோ இங்கிலீசில் சொன்னார். உன் மகள் மொழிபெயர்த்தாள். அதற்குள் அவளுக்கு அந்த மொழி பிடிபட்டுவிட்டது.

"அடுத்த வருசமும் செய்யச் சொல்லுறார், அப்பா."

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது நீ பழையபடி பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டாய். "மச்சான், சிலுவையிலை நடந்தது உதுதான். உலகம் கொதிச்சுக்கொண்டு நிண்டது. அந்தச் சூட்டை அவர் தன்ர உடம்புக்குள்ளை வாங்கினார். அதாலைதான் நாங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறம்."

பின்னாலிருந்து சிவம் அண்ணை, "எங்கடை ஆளும் நஞ்சை வாங்கித் தொண்டைக்குள்ளை வைச்சவர்தானே" என்றார்.

"அப்ப ரெண்டுபேருக்கும் நல்லாத் தாகம் எடுத்திருக்கும்" என்றாய் நீ. போகிற வழியில் கோப்பிக் கடையில் நிறுத்தி, மூன்றுபேருக்கும் குளிர்ந்த தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மகள் எல்லோர் முன்னாலும் எழும்பி, இந்தக் கதையைத்தான் சொன்னாள். அழவில்லை, சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். அழுகிறதற்கு நீ இடம் வைத்துவிட்டுப் போகவில்லை.

இனி ஒன்று சொல்லவேண்டும், பிறகு முடித்துவிடுகிறேன். என் வாய் உனக்குத் தெரியும். ஒருவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்லுகிறவன். ஊரிலும் அப்படி, இங்கேயும் அப்படி. போன மாதம் என் மகன் வேலையில் ஏதோ பிரச்சினைப்பட்டுக்கொண்டு வந்தான். வாசலில் என் சப்பாத்து குறுக்கே கிடந்ததாம். அதில் தொடங்கினான். நான் மீன் வாசம் கொண்டுவருகிறது, ரீவியைச் சத்தமாக வைக்கிறது, கதவைச் சாத்தாமல் போகிறது, எல்லாம் வந்தது. மருமகள் அறைக்குள் போய்விட்டாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு பார்த்தேன், இவன் கொதித்துக்கொண்டு நிற்கிறான், இந்தச் சூடு சப்பாத்துச் சூடு அல்ல. ஆரோ வாங்கத்தான் வேண்டும். கதிரையில் இருந்துகொண்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் வாங்கினேன். வேர்த்தது, மச்சான். உண்மையாகவே வேர்த்தது.

கத்திக் கத்தி ஓய்ந்துபோய் அவன் எதிரில் இருந்தான்.

"என்னப்பா, ஒண்டும் கதைக்கிறியளில்லை?"

"நீ சொல்லி முடி ராசா. நான் இருக்கிறன்" என்றேன்.

அவன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தான். பிறகு வேலையில் நடந்ததை மெல்ல மெல்லச் சொன்னான். சின்ன வயதில்கூட அவன் என்னிடம் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. சொல்லி முடித்து, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு, எனக்குத் தானே போடக் குசினிக்குள் போனான்.

நான் கதிரையில் இருந்தபடியே "மரியே வாழ்க!" என்று கத்தினேன். உன்னளவு சத்தம் எனக்கு வராது. ஆனாலும் அவன் கேத்திலோடு திரும்பிப் பார்த்தான்.